மீன் பிடிக்கப் போன கதைகள்

கனடாவில் உத்தியோகம் பார்க்கிற என் தங்கை மகன் ஒரு கைப்பிரதி அனுப்பியிருந்தான். எண்பத்துநாலு பக்கம். மேலே ஒரு கடிதம். "மாமா, படித்துப் பார்த்து, புத்தகமாகப் போடலாமா என்று சொல்லுங்கள். தாட்சண்யம் பார்க்க வேண்டாம்" என்று எழுதியிருந்தான். தாட்சண்யம் பார்க்க வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் தாட்சண்யத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது முப்பது வருஷமாக எனக்குப் பழகிய விஷயம். ஆனாலும் உறவுக்காரப் பையன். படித்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டுமென்று தோன்றியது.

2011-ம் வருஷம் ஜூன் மாதம் அவனும் அவனோடு வேலை பார்க்கும் நால்வரும் ஒண்டேரியோ மாகாணத்தின் வடமேற்கு மூலையில் ஓர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள். அந்த ஏரிக்குச் சாலை கிடையாது. ரயில் கிடையாது. தண்ணீரில் இறங்கும் விமானத்தில்தான் போக வேண்டும். விமானம் அவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஒரு சின்ன மரத்துறையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. ஏழு நாள் கழித்து வந்து அழைத்துக்கொண்டு போகும். நடுவில் அந்த ஏரியில் அவர்களைத் தவிர மனிதர் இல்லை. ஒரு மரக் குடிசை, அடுக்குக் கட்டில்கள், விறகு அடுப்பு, காஸில் ஓடும் ஐஸ்பெட்டி, மூன்று அலுமினியப் படகுகள், கொல்லையில் ஒரு கக்கூஸ். இவ்வளவுதான். இதற்கு அவர்கள் கொடுத்த பணத்தில் நம் பக்கத்தில் ஒரு காதுகுத்துக் கல்யாணத்தைத் தடபுடலாகவே நடத்திவிடலாம்.

நான் மீன் பிடித்தவன் அல்ல, சாப்பிட்டவன். ஆகவே தூண்டிலைப் பற்றி அவன் எழுதியதில் சரி எது, தப்பு எது என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. எழுத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம்.

இந்த மாதிரிப் பிரயாணத்தைப் பற்றி எழுதுவது வட அமெரிக்காவில் தனி ஒரு இலக்கிய வகை. 1895-ல் தோன்றிய 'பீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்', 1898-ல் தோன்றிய 'அவுட்டோர் லைஃப்' போன்ற பத்திரிகைகள் நூறு வருஷங்களுக்கு மேலாக வேட்டையையும் தூண்டிலையும் எழுதி எழுதி அதற்கு ஒரு சம்பிரதாயத்தையே உண்டாக்கிவிட்டன. விமானம் எழும்புகிறது, கீழே ஏரிகள் கண்ணாடித் துண்டுகளை வாரி இறைத்தாற்போல் கிடக்கின்றன. இறங்கியதும் விமானத்தின் இரைச்சல் தேய்ந்து மறைகிறது, மௌனம். பிறகு முதல் மீன். பிறகு கொசுவும் கறுப்பு ஈயும். குப்பையைக் கிளற ஒரு கரடி. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் சீட்டாட்டம். பிறகு தப்பிப் போன பெரிய மீன். கடைசியில் மறுபடி விமானத்தின் இரைச்சல். என் மருமகனும் இதில் ஒன்றையும் விடவில்லை. கண்ணாடித் துண்டுகூட விடவில்லை.

சம்பிரதாயம் இருப்பது குற்றமல்ல. நம் தூதுப் பிரபந்தங்களில் கிளியையும் மேகத்தையும் எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள்! அனுப்புகிறவளுக்கு நிஜமாகவே ஆற்றாமை இருக்கிறதா, கவிராயருக்குச் சன்மானம்தான் வேண்டியிருந்ததா என்பதை வைத்துத்தான் நாம் தரம் பிரிக்கிறோம். மருமகனின் கைப்பிரதியில் அப்படி நிஜமான பகுதி ஒன்று இருக்கிறது. எட்டாவது நாள் வரவேண்டிய விமானம் வரவில்லை. ஏரி முழுவதும் மூடுபனி. எதிர்க்கரை தெரியவில்லை. இறங்கும் விமானி தண்ணீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க முடியாதபோது வரவே மாட்டான்; அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒன்பதாவது நாளும் அப்படியே. சாப்பாட்டில் மிச்சம் தோசை மாதிரி சுடும் ஒரு மாவு, அரை வெங்காயம், ஒரு கைப்பிடி காப்பித்தூள். ஏரி நிறைய மீன் இருக்கிறதே என்று நாம் நினைப்போம். ஆனால் ஒருவரும் படகை எடுக்கவில்லையாம். ஏழு நாள் ஆசையாகப் பிடித்தவர்கள், பசிக்காகப் பிடிக்க வேண்டும் என்று வந்ததும் துறையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிற மானேஜர், காப்பித்தூளை யார் அதிகம் போட்டது என்று சண்டைக்கு வந்தாராம். அந்தப் பதினொரு பக்கங்களை நான் ஒரே மூச்சில் படித்தேன். அதில் கண்ணாடித் துண்டு இல்லை, மௌனம் என்ற வார்த்தையும் இல்லை. நிஜமான மௌனம் வந்தபோது அவனுக்கு அந்த வார்த்தை தேவைப்படவில்லை போலிருக்கிறது.

விமானத்தைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருக்கிறான். அவர்கள் போனது 'பீவர்' என்ற ரக விமானத்தில். டொராண்டோவில் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்தது. 1947 ஆகஸ்ட் 16-ந் தேதி முதலில் பறந்தது. 1,600-க்கு மேல் செய்திருக்கிறார்கள். 1967-ல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் செய்தவை பறப்பதை நிறுத்தவில்லை. கம்பெனிக்காரர்கள் அதைத் திட்டமிடும்போதே காட்டு விமானிகளிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றுகிற மாதிரி கதவு அகலமாக வேண்டும், குறைந்த தூரத்தில் எழும்ப வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தார்கள். உபயோகிக்கிறவனைக் கேட்டுவிட்டுச் செய்த சாமான் அறுபது எழுபது வருஷம் நிற்கிறது. நம் பிரசுரகர்த்தர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது, கவனிக்க மாட்டார்கள். ஆளுக்கு இத்தனை ராத்தல் சாமான்தான் என்று தராசில் நிறுத்து ஏற்றுகிறார்கள். அரிசியா பீரா என்று ஐந்து பேரும் விவாதம் நடத்தியதை அவன் ஹாஸ்யமாகவே எழுதியிருக்கிறான். பீர்தான் ஜெயித்தது. ஒன்பதாவது நாள் அரை வெங்காயத்தின் முன்னால் அந்தத் தீர்ப்பை அவர்கள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் காடுகளுக்கு விமானம் முதலில் போனது மீனுக்காக அல்ல. 1919-ல் கியூபெக் மாகாணத்தில் காட்டுத் தீ எங்கே பிடித்திருக்கிறது என்று பார்ப்பதற்காக, யுத்தத்தில் மிஞ்சிய பறக்கும் படகுகளைக் கொண்டுபோனார்கள். பிறகு தங்கச் சுரங்கம் தேடுகிறவர்களைச் சுமந்தது. 1926-ல் ரெட் லேக் பக்கம் தங்கம் என்று ஜனங்கள் ஓடியபோது நல்ல வரும்படி. தூண்டில்காரர்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள். ஒண்டேரியோவில் மட்டும் இரண்டரை லட்சம் ஏரிகள் என்று கணக்கு. சாலை போகாத ஏரியில்தான் வால்ஐ, பைக் என்ற அவர்களுடைய மீன்கள் கொழுத்துக் கிடக்கும். வால்ஐ என்பது பளிங்கு மாதிரிக் கண் மின்னுகிற மீன்; சுவை அதற்குத்தான் அதிகம் என்கிறான். மரம் வெட்டுகிற கம்பெனி ஏரிக்குச் சாலை போட்டுவிட்டால் விடுதிக்காரருக்கு வியாபாரம் போயிற்று. சனிக்கிழமை காரில் வருகிறவர்கள் இரண்டு வருஷத்தில் மீனைத் துடைத்துவிடுவார்கள். அதனால் சாலைக்குக் கதவு போடு, பூட்டுப் போடு என்று சர்க்காரிடம் மனுக் கொடுக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் விற்கிற சரக்கு மீனல்ல. ஆள் இல்லாமையைத்தான் விற்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு எழுத்தாளன் என்ற முறையில் ஒரு சந்தேகம் பிறந்தது. ஆள் இல்லாமையை விற்க வேண்டுமானால், இருக்கிற ஆளை என்ன செய்வது?

மீன்பிடிக்கிற எழுத்துக்கு மூலபுருஷர் ஐஸக் வால்டன். அவருடைய 'தி கம்ப்ளீட் ஆங்லர்' 1653-ல் வெளிவந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால்தான் இங்கிலாந்தில் ராஜாவின் தலையைச் சீவியிருந்தார்கள். வால்டன் ராஜா கட்சி. அவருடைய சிநேகிதர்களான பாதிரிமார்கள் பதவி இழந்து அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் இந்த மனிதர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, எந்த மீனுக்கு எந்தப் புழு, எப்படிச் சமைப்பது, நடுவில் ஒரு பாட்டு என்று எழுதுகிறார். ஒரு வார்த்தை அரசியல் பேசவில்லை. ஆனால் அந்த அமைதியின் கீழே ஒரு பயமும் துக்கமும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படித்தால் புத்தகமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. தெரியாமல் படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அது வேறு விஷயம். புழுவைப் பற்றி அவர் எழுதியதில் பாதிக்குமேல் நான் தாண்டிப் போய்விட்டேன் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வால்டன் தெரிந்தோ தெரியாமலோ செய்ததை ஹெமிங்வே தெரிந்தே செய்தார். 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' என்ற கதை 1925-ல் 'இன் அவர் டைம்' என்ற தொகுதியில் கடைசிக் கதையாக வந்தது. நிக் என்ற பையன் மிச்சிகன் மாகாணத்தில் ஸீனி என்ற ஊரில் ரயிலிலிருந்து இறங்குகிறான். ஊரே இல்லை, எரிந்து போயிருக்கிறது. கரியில் வாழ்ந்து வெட்டுக்கிளிகள்கூடக் கறுப்பாகியிருக்கின்றன. மூட்டையைச் சுமந்து நடக்கிறான், கூடாரம் போடுகிறான், டப்பாச் சாப்பாட்டைச் சுட வைத்துச் சாப்பிடுகிறான், மறுநாள் வெட்டுக்கிளியைக் கொக்கியில் கோத்து டிரவுட் பிடிக்கிறான். பெரிய மீன் ஒன்று தப்புகிறது. ஆறு சதுப்புக்குள் நுழைகிற இடத்துக்கு இன்று போக வேண்டாம் என்று திரும்பிவிடுகிறான். கதை அவ்வளவுதான். யுத்தத்திலிருந்து திரும்பி வந்தவனைப் பற்றிய கதை இது, யுத்தம் என்ற பேச்சே அதில் கிடையாது என்று ஹெமிங்வேயே பிற்காலத்தில் எழுதினார். அவர் இறந்த பிறகு 1964-ல் வெளிவந்த 'எ மூவபிள் ஃபீஸ்ட்' என்ற நினைவுக் குறிப்பில் இது இருக்கிறது.

இந்தக் கதையைப் பற்றி விமரிசகர்கள் ஏகமாக எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அவர் விட்டுவிட்டது நமக்குத் தெரிகிறது. கூடாரத்து முளையை அவன் அவ்வளவு ஜாக்கிரதையாக அடிப்பது ஏன், காப்பி போடுவதை ஒரு பூஜை மாதிரி செய்வது ஏன், சதுப்புக்குப் பயப்படுவது ஏன் என்று ஒவ்வொரு வரியிலும் விடுபட்ட விஷயம் முட்டிக்கொண்டு நிற்கிறது. விடுவது என்றால் அப்படி விட வேண்டும். தெரிந்ததை விடுவது கலை. தெரிந்துகொள்ளாததால் விடுபட்டுப் போவதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தான் ஹெமிங்வேயைப் பின்பற்றி எழுதியவர்கள் அத்தனை பேரும் ஏமாந்தார்கள்.

ஆனால் அதே தொகுதியில் அவர் இன்னொரு கதையும் வைத்திருக்கிறார். 'இந்தியன் கேம்ப்'. அதிலும் ஏரி, அதிலும் படகு, அதிலும் நிக். சின்னப் பையன். அவனுடைய தகப்பனார் டாக்டர். செவ்விந்தியக் குடியிருப்பில் ஒரு பெண் பிரசவ வேதனையில் கிடக்கிறாள். அவளுக்கு உதவி செய்ய இரவில் ஏரியைத் தாண்டிப் போகிறார்கள். துடுப்புப் போடுகிறவர்கள் செவ்விந்தியர்கள். டாக்டரிடம் ஆயுதம் இல்லை. பேனாக்கத்தியால் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டு, மீன் தூண்டிலில் கட்டுகிற நரம்பாலேயே தைக்கிறார். மயக்க மருந்து கிடையாது. மேல் கட்டிலில் காலில் அடிபட்டுக் கிடந்த புருஷன், அவளுடைய கூக்குரலைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு செத்துக் கிடக்கிறான். டாக்டர் தம் சாமர்த்தியத்தைப் பற்றிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இது தெரிகிறது.

தொகுதியின் ஆரம்பத்தில் இந்தக் கதை, முடிவில் தனியாக மீன் பிடிக்கிற கதை. ஒரே நிக்தான். முதல் கதையில் துடுப்புப் போட்டவர்கள் கடைசிக் கதையில் எங்கே போனார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். யுத்தம் விடுபட்டது போலவே இவர்களையும் வேண்டுமென்றே விட்டாரா, அல்லது ஆற்றில் தனியாக நிற்கிற சுகத்தில் மறந்துபோனாரா? என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் தூண்டில் நரம்பு அந்தப் பெண்ணின் வயிற்றைத் தைத்ததைப் படித்துவிட்டுக் கடைசிக் கதைக்கு வருகிற வாசகனுக்கு, நிக் தூண்டிலில் அதே நரம்பைக் கட்டும்போது மனம் ஒரு கணம் நிற்கும். ஹெமிங்வேக்கு அது போதும் என்று விட்டுவிடலாம்.

1972-ல் மார்கரெட் அட்வுட் எழுதிய 'ஸர்ஃபேஸிங்' நாவலில் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. கியூபெக்கின் வடக்கே ஒரு ஏரித் தீவு. அங்கே தனியாக வாழ்ந்த தகப்பனாரைக் காணவில்லை என்று மகள் தேடி வருகிறாள். கூட மூன்று சிநேகிதர்கள். அவளுக்குப் பெயரே இல்லை. வழியில் ஒரு நாரையைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தின்பதற்காக அல்ல, கொல்ல முடிகிறது என்பதற்காகக் கொன்றது. இது மீன் பிடிக்க வந்த அமெரிக்கர்களின் வேலை என்று இவர்கள் கொதிக்கிறார்கள். பிறகு பார்த்தால், அந்த மனிதர்கள் அமெரிக்கர்களே அல்ல, கனடாக்காரர்கள்தான். அதைவிட வேடிக்கை, அவர்கள் இவர்களைப் பார்த்து அமெரிக்கர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு இடத்துக்காக அந்த நாவலை நான் இரண்டு தடவை வாங்கினேன். முதல் பிரதியை வாங்கிப்போன சிநேகிதர் திருப்பித் தரவில்லை.

ஆனால் இந்த நாவலிலும் அந்த மண்ணின் பூர்வ குடிகள் பாறையில் வரைந்த பழைய ஓவியமாகத்தான் இருக்கிறார்கள். தகப்பனார் அவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைப் பருவ ஞாபகத்தில், காட்டில் பழம் பறிக்க வந்துபோகும் ஒரு குடும்பமும் தலைகாட்டி மறைகிறது. அவ்வளவுதான். அந்தப் பெண் மிருகம் மாதிரி மண்ணில் புரண்டு, உடையைக் களைந்து, காட்டோடு காடாகிவிடப் பார்க்கிறாள். ரொம்ப உக்கிரமான எழுத்து. ஆனால் காட்டிலேயே பிறந்து, சட்டை போட்டுக்கொண்டு, தூண்டில்காரர்களின் படகை ஓட்டிச் சம்பளம் வாங்கியவர்கள் அந்த 1972-ல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

செவ்விந்தியர் என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பக்கத்து ஜனங்கள் தங்களை அனிஷினாபே என்று சொல்லிக்கொள்கிறார்கள். கெனோரா என்ற ஊருக்கு வடக்கே கிராஸி நாரோஸ் என்ற குடியிருப்பு. 1873-ல் பிரிட்டிஷ் மகாராணியின் பிரதிநிதிகள் இந்தப் பிரதேசத்து ஜனங்களோடு ஒப்பந்தம் எழுதியபோது, வேட்டையும் மீன்பிடிப்பும் உங்களுடையவை என்று வாக்குக் கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பக்கம் பெரிய மீன்பிடி விடுதிகள் தோன்றின. விமானத்தில் அமெரிக்கப் பணக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மீன் எந்தப் பாறைக்குப் பக்கத்தில், எந்தக் காற்றில், எந்த நேரத்தில் கடிக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த அனிஷினாபே வழிகாட்டிகள். படகை ஓட்டுவார்கள், வலை வாளியைப் பிடிப்பார்கள், மத்தியானம் கரையில் தீ மூட்டி, பிடித்த மீனை முள் நீக்கி, மாவில் புரட்டி, கொழுப்பில் பொரித்து, உருளைக்கிழங்கும் வெங்காயமுமாகப் பரிமாறுவார்கள். தாங்களும் அதையே சாப்பிடுவார்கள். விருந்தாளி வருஷத்தில் ஒரு வாரம் சாப்பிட்டான். வழிகாட்டி பருவம் முழுவதும் தினமும் சாப்பிட்டான்.

மேலே, டிரைடன் என்ற ஊரில் ஒரு காகித ஆலை. காகிதத்தை வெளுக்கும் ரசாயனம் தயாரிக்கப் பாதரசம் உபயோகித்தார்கள். 1962-லிருந்து 1970 வரை ஒன்பது பத்து டன் பாதரசத்தை ஆற்றில் விட்டார்கள். ஆற்றடியில் சேற்றில் இருக்கும் கிருமிகள் அதை வேறு விதமான விஷமாக மாற்றுகின்றன. அதைச் சின்னப் பூச்சி தின்கிறது, பூச்சியைச் சின்ன மீன், சின்ன மீனைப் பெரிய மீன். ஏறஏற விஷம் கூடுகிறது. மற்ற மீனைத் தின்று கொழுக்கும் வால்ஐயிலும் பைக்கிலும்தான் உச்சம். அதாவது எது பெரிய மீன் என்று எல்லாரும் ஆசைப்பட்டார்களோ, அதில்தான். மணத்தில் வித்தியாசம் இல்லை, ருசியில் வித்தியாசம் இல்லை, பொரித்தால் போகாது.

1970-ல் விஷயம் வெளிவந்தது. அந்த ஆற்று மீனை விற்கக் கூடாது என்று சர்க்கார் தடுத்தார்கள். பால் லேக் என்ற ஏரியில் இருந்த பெரிய விடுதியை அதன் உரிமையாளர் அந்த வருஷமே மூடிவிட்டார். விருந்தாளிக்கு விஷத்தைப் பரிமாற அவருக்கு மனம் வரவில்லை. வழிகாட்டிகளுக்கு வேலையும் போயிற்று, சாப்பாடும் போயிற்று. ஆனால் தூண்டில் போடுவதைச் சர்க்கார் தடுக்கவில்லை. பிடிக்கலாம், சாப்பிட வேண்டாம் என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். 1975-ல் ஜப்பானிலிருந்து டாக்டர் ஹராடா வந்தார். மினமாட்டா ஊரில் இதே விஷம் செய்ததைப் பல வருஷமாக ஆராய்ந்தவர். கை கால் மரத்துப்போவது, பக்கப் பார்வை குறுகுவது, நடுக்கம், நாக்குக் குழறுவது எல்லாவற்றையும் இங்கேயும் கண்டார். 1985-ல் ஒரு ராஜி, நஷ்ட ஈடு. ஆற்றைச் சுத்தம் செய்ய ஒண்டேரியோ சர்க்கார் எட்டரைக் கோடி டாலர் ஒதுக்கியது 2017-ல். நாற்பத்தேழு வருஷம்.

இப்போது மருமகனின் கைப்பிரதிக்கு வருகிறேன். ஆறாம் பக்கத்தில், கெனோராவுக்குப் பக்கத்தில் விமானத்துறையில் சாமான் ஏற்றுகிற இடத்தில், மூன்றே வரி இருக்கிறது. ஒரு செவ்விந்தியக் கிழவர் மூட்டைகளைக் கட்ட உதவினார். முன்பு ஒரு பெரிய விடுதியில் வழிகாட்டியாக இருந்தாராம். அது 1970-ல் மூடிவிட்டதாம். கை நடுங்கியது, குடியாக இருக்கும் என்று கூட வந்த நண்பன் சொன்னான், ஆனாலும் முடிச்சு அருமையாகப் போட்டார். அவ்வளவுதான். அடுத்த வரியில் விமானம் எழும்புகிறது. கீழே ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாகின்றன.

முதல் தடவை படிக்கும்போது இந்த மூன்று வரியை நானும் தாண்டித்தான் போனேன். இரண்டாம் தடவை 1970 என்ற எண் கண்ணில் குத்தியது. அந்தக் கிழவரின் கை எதனால் நடுங்கியது என்று எனக்கோ மருமகனுக்கோ தெரியாது. வயதாக இருக்கலாம். குடியாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்ததாக அவனே எழுதியிருக்கிறான். அந்த ஒரு மணி நேரத்தில் அரிசியா பீரா என்ற விவாதம் நான்கு பக்கம்.

இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. என்னுடைய இரண்டாவது நாவலில் முத்துப்பேட்டைக் காயல் மூன்று அத்தியாயம் வரும். அலையாத்திக் காடு, சேற்று வாடை, சாயங்காலத்தில் வந்து இறங்கும் பறவைகள் எல்லாம் உண்டு. அதற்காக நான் நான்கு நாள் படகில் போய்ப் பார்த்தேன். ஒருவர் கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். வெயிலில் எனக்குத் தலை சுற்றியபோது தம் துண்டை நனைத்துப் போட்டவர் அவர்தான். பறவைகளின் பெயரெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாவல் வந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி கார்டு எழுதியிருந்தார். காயல் வர்ணனை ரொம்ப நன்றாக இருந்தது, ஆனால் படகு தானாகவே ஓடியதா என்று கேட்டிருந்தார். பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மனிதரின் பெயரை நான் கேட்கவே இல்லை. பாராட்டுக் கடிதங்களைப் பத்திரப்படுத்துகிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கார்டையும் அவற்றோடுதான் வைத்திருக்கிறேன்.

ஆகவே மருமகனைக் கண்டிக்க எனக்கு உரிமை குறைவு. கண்டிக்காமலும் இருக்க முடியவில்லை. வழிகாட்டி இல்லாமல் போகிற குடிசைப் பயணம் அவனுடையது; அவனுடைய கதையில் வழிகாட்டி இல்லாதது இயற்கைதானே என்று சிலர் கேட்கலாம். வழிகாட்டி இல்லாத குடிசைகள் எப்படி வந்தன, அந்த ஏரி எப்படி ஆளில்லாத ஏரி ஆயிற்று, மீன் இருக்கும் இடத்துக்கு அடையாளம் போட்டுக் குடிசைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்துக்கு முதலில் இடம் காட்டியது யார் என்றெல்லாம் ஒரு எழுத்தாளன் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஹெமிங்வே மாதிரி ஒரு வரிகூட எழுதாமல் விட்டாலும் விடலாம். அப்போது அந்த மௌனத்துக்கு ஒரு கனம் வந்துவிடும்.

அவனுக்கு நான் எழுதிய பதிலில் இந்த நீண்ட கதையெல்லாம் எழுதவில்லை. மூடுபனிப் பகுதியைத் தனியே எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பு, உடனே போடுவார்கள், கரடியைத் தூக்கிவிடு, கண்ணாடித் துண்டைக் கட்டாயம் தூக்கிவிடு, ஆறாம் பக்கத்துக் கிழவர் யார் என்று தெரிந்துகொண்டு எனக்கு எழுது, பிறகு புத்தகத்தைப் பற்றிப் பேசலாம் என்று மட்டும் எழுதினேன்.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. "மாமா, அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நீங்கள் இவ்வளவு கோபப்படுவீர்கள் என்று நினைக்கவில்லை" என்று ஆரம்பித்திருந்தான். கோபம் ஒன்றும் இல்லை என்று அவன் அம்மாவிடம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. கடிதத்தின் கடைசியில், அடுத்த கோடையில் கெனோரா பக்கம் போவதாக எழுதியிருக்கிறான். இந்தத் தடவை காரில் போகிறானாம். கிராஸி நாரோஸுக்குச் சாலை இருக்கிறது.